ஒன்பது பாகை வானம்

மாசி மாதத்துத் தேய்பிறைச் சதுர்த்தசி இரவில் திருக்கேதீஸ்வரம் தூங்குவதில்லை. மகா சிவராத்திரிக்காக இலங்கையின் பல மாவட்டங்களிலிருந்தும் அடியார்கள் மன்னார்க் கரையிலுள்ள இந்தச் சிவன் கோயிலுக்கு வந்து சேர்கிறார்கள். பாலாவித் தீர்த்தத்தில் நீராடி, அந்த நீரையே மொண்டு வந்து சிவலிங்கத்துக்குச் சொரிகிறார்கள். நான்கு யாமப் பூசையும் முடிந்து கிழக்கு வெளுக்கும்வரை கண்விழிப்பு நீள்கிறது.

வானியல் கண்ணோடு இந்த இரவைப் பாருங்கள். அமாவாசைக்கு முந்தைய இரவு. நிலா விடிவதற்குச் சற்று முன்புதான் மெல்லிய கீற்றாக எழும். வாடைக்காற்றோடு வந்த மாரி மழை ஓய்ந்து, முகில் குறைந்திருக்கும் காலம். இடமோ கடலோரச் சமவெளி. எந்தத் திசையிலும் மலை மறைப்பதில்லை. கொழும்பின் வெளிச்சம் 200 கிலோமீற்றர் அளவு தள்ளி இருக்கிறது. விண்மீன் பார்ப்பதற்காகவே ஊர் ஊராகப் போகிறவர்கள் தேடுகிற நிபந்தனைகள் ஏறத்தாழ அனைத்தும் இங்கே ஒரே இரவில் கூடுகின்றன. அன்று அங்கே இருக்கும் பல்லாயிரம் பேரும் விழித்தேயிருக்கிறார்கள். அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான் மிச்சம்.

கேது இருக்கும் இடம்

கேது இங்கே சிவனை வழிபட்டதாகத் தலபுராணம் சொல்கிறது. நவக்கிரகங்களில் ராகுவும் கேதுவும் மட்டும் கண்ணுக்குத் தெரியாதவை. நிழற்கிரகங்கள் என்று சோதிட மரபு அவற்றைத் தனியாகவே வைத்தது. வானியலில் அவற்றுக்குத் துல்லியமான பொருள் உண்டு.

சூரியன் ஆண்டு முழுவதும் வானில் நகர்வதாகத் தோன்றும் பாதை ஒன்று. நிலா மாதந்தோறும் செல்லும் பாதை மற்றொன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று 5 பாகைக்குச் சற்று அதிகமாகச் சாய்ந்திருக்கின்றன. ஒரு வளையலுக்குள் இன்னொரு வளையலைச் சற்றே சாய்த்து வைத்தால் இரண்டு இடங்களில் அவை குறுக்கிடும் அல்லவா? அந்த இரு புள்ளிகள்தாம் ராகுவும் கேதுவும். நிலா தெற்கிலிருந்து வடக்கே ஏறிக் கடக்கும் புள்ளி ராகு. வடக்கிலிருந்து தெற்கே இறங்கிக் கடக்கும் புள்ளி கேது. அமாவாசையோ பௌர்ணமியோ இந்தப் புள்ளிகளுக்கு அருகில் நேரும்போதுதான் கிரகணம் உண்டாகும். மற்ற மாதங்களில் நிலாவின் நிழல் பூமிக்கு மேலேயோ கீழேயோ தப்பிப் போய்விடுகிறது.

இந்தப் புள்ளிகள் நிலையாக நிற்பதுமில்லை. சூரியனின் ஈர்ப்பு நிலாவின் பாதையைத் திருப்பிக்கொண்டே இருப்பதால், அவை பின்னோக்கி நகர்ந்து 18.6 ஆண்டுகளில் ஒரு முழுச்சுற்று வருகின்றன. இதைப் பன்னிரண்டு ராசிகளால் வகுத்தால் ஒரு ராசிக்கு ஒன்றரை ஆண்டுக்குச் சற்று மேல் வரும். பஞ்சாங்கத்தில் ராகு கேது பெயர்ச்சி ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை வருவதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

இரு புள்ளிகளும் அண்மைக் காலத்தில் இந்தப் பகுதிக்கு ஆளுக்கொரு கிரகணம் தந்தன. 2010 ஜனவரி 15 அன்று நேர்ந்த கங்கண சூரிய கிரகணம் ராகுப் புள்ளியின் அருகில் நிகழ்ந்தது. இந்த ஆயிரமாண்டின் மிக நீண்ட கங்கண கிரகணம் அது. இந்தியப் பெருங்கடலில் உச்சமாக 11 நிமிடம் 8 வினாடி நீடித்தது. தனுஷ்கோடிக் கரையில் சூரியன் பத்து நிமிடம் வரை ஒரு நெருப்பு வளையமாக நின்றது; மன்னாரும் அதே பாதைக்குள் இருந்தது. 2019 டிசம்பர் 26 அன்று வட இலங்கையைக் கடந்துபோன கங்கண கிரகணம் கேதுப் புள்ளியின் அருகில் நிகழ்ந்தது.

இடத்தால் வரும் செல்வம்

இருண்ட வானம் உலகில் பல இடங்களில் உண்டு. திருக்கேதீஸ்வரத்தைத் தனியாக்குவது அதன் அகலாங்கு. நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 9 பாகையில் அது இருக்கிறது. துருவ நட்சத்திரம் ஓர் ஊரில் எத்தனை பாகை உயரத்தில் தெரியுமோ அதுவே ஏறத்தாழ அந்த ஊரின் அகலாங்கு. கையை முழுக்க நீட்டிப் பிடித்த மூடிய கைமுட்டியின் அகலம் சுமார் 10 பாகை. ஆகவே இங்கே வடக்குத் தொடுவானத்துக்கு மேல் ஒரு முட்டி உயரத்தில் துருவ நட்சத்திரம் மங்கலாகத் தெரியும். அவ்வளவு தாழ்வில் இருந்து வரும் ஒளி, உச்சியிலிருந்து வருவதைப்போல ஐந்தாறு மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. உப்புக்காற்றும் ஈரமும் அதில் பெரும்பங்கை விழுங்கிவிடுகின்றன.

வடதுருவம் இப்படித் தாழ்ந்து கிடப்பதால் தென்வானம் உயர்ந்து நிற்கிறது. ஓர் ஊரில் ஆண்டு முழுவதும் காத்திருந்தாலும் ஒருபோதும் உதிக்காத வானப்பகுதி எவ்வளவு என்று கணக்கிடலாம். இலண்டனில் மொத்த வானத்தில் 19 விழுக்காடு, லடாக்கின் ஹன்லேயில் 8 விழுக்காடு. திருக்கேதீஸ்வரத்தில் ஒரு விழுக்காடுகூட இல்லை.

இதே அகலாங்கு பகலிலும் ஒரு விந்தை செய்கிறது. ஏப்ரல் 13 அளவில் சூரியனின் வான அகலாங்கும் 9 பாகையை எட்டுகிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நண்பகலில் மன்னார்க் கரையில் நட்டுவைத்த கம்பத்துக்கு நிழல் இராது.

துருவ நட்சத்திரத்தின் உயரத்தைக் கொண்டு அகலாங்கை அறியும் கணக்கைக் கடலோடிகள் பயன்படுத்தினார்கள். கோயிலைச் சூழ்ந்த மாந்தை, மாதோட்டம் என்றும் பெயர் பெற்ற பழந்துறைமுகம். ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் 1980களின் தொடக்கத்தில் நடந்த அகழாய்வு, சீனத்து மட்பாண்டம் முதலாகப் பல நாட்டுச் சரக்கு இங்கே வந்து இறங்கியதைக் காட்டியது. அரபு மாலுமிகள் துருவ நட்சத்திரத்தின் உயரத்தை விரல் அகலத்தால் அளந்தார்கள். சோழமண்டலக் கரைத் தமிழ் மாலுமிகளிடம் இராப்பலகை என்ற கருவி இருந்தது: ஒரு சிறு பலகை, அதன் நடுவிலிருந்து ஒரு கயிறு, கயிற்றில் துறைமுகத்துக்கு ஒரு முடிச்சு. பலகையின் கீழ்விளிம்பைத் தொடுவானத்திலும் மேல்விளிம்பை விண்மீனிலும் பொருத்தினால், எந்த முடிச்சு முகத்தருகே வருகிறதோ அந்தத் துறையின் அகலாங்கில் கப்பல் இருக்கிறது. பிறகு கிழக்கோ மேற்கோ நேராக ஓட்டினால் கரை வந்துவிடும்.

நான்கு யாமம்

சிவராத்திரி இரவை யாமம் யாமமாக வானத்தில் பின்தொடரலாம். நாள் ஆண்டுக்கு ஆண்டு பெப்ரவரி நடுவுக்கும் மார்ச் முற்பகுதிக்கும் இடையில் நகரும். கீழே சொல்லும் நேரங்களும் அதற்கேற்ப அரைமணி, முக்கால் மணி முன்பின் ஆகும்.

முதல் யாமத்தில், இரவு ஏழுக்கும் எட்டரைக்கும் இடையில், தலைக்கு நேர் மேலே பாருங்கள். சிவந்த ஒரு விண்மீன் உச்சியைத் தொடுவதுபோல நிற்கும். அது திருவாதிரை. சிவனுக்குரியது என்று மரபு கொண்டாடும் அந்த நட்சத்திரம், சிவராத்திரியின் தொடக்கத்தில், திருக்கேதீஸ்வரத்தின் உச்சியிலிருந்து 2 பாகைக்கும் குறைவான தூரத்தில் கடந்துபோகிறது. இதை யாரும் திட்டமிட்டதாகச் சான்றில்லை. அகலாங்கு தற்செயலாகத் தந்த பொருத்தம் இது.

திருவாதிரை ஒரு செம்மீப்பெரு விண்மீன். சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடும். 2019 இறுதியில் அது மங்கத் தொடங்கி, 2020 பெப்ரவரியில் வழக்கமான ஒளியில் மூன்றிலொரு பங்கு அளவுக்கு இறங்கியது. வெடிக்கப்போகிறதோ என்று உலகமே பார்த்தது. விண்மீன் தன் மேற்பரப்பிலிருந்து உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசாகி, நம் பக்கம் திரையிட்டது என்பது பின்னர் தெளிந்தது.

அதே நேரத்தில் தெற்கில் மூன்று முட்டி உயரத்தில் அகத்திய நட்சத்திரம் எரியும். அதற்கும் கீழே, தொடுவானத்துக்கு ஒரு முட்டி மேலே, மிகத் தெளிந்த இரவில் வெளிறிய திட்டு ஒன்று தெரிந்தால் அது பெரிய மகெல்லன் முகில். முகில் என்று பெயர். உண்மையில் 1,60,000 ஒளியாண்டு தொலைவில் உள்ள வேறொரு விண்மீன் மண்டலம். மேற்கில், அந்தி முற்றாக மறைந்தபின், கூம்பு வடிவில் மங்கிய ஒளி நிமிர்ந்து நிற்கலாம். ஊர் வெளிச்சம் என்று நினைத்துவிட வேண்டாம். கோள்கள் சுற்றும் தளத்தில் மிதக்கும் தூசு சூரிய ஒளியைச் சிதறடிப்பதால் வருவது அது.

இரண்டாம் யாமத்தில் மகம் உச்சிக்கு ஏறுகிறது. வடகிழக்கில் சப்தரிஷி மண்டலம் எழுகிறது. வசிட்டரையும் அருந்ததியையும் பிரித்துப் பார்க்க முடிந்தால் கண் நன்றாக இருக்கிறது என்று பொருள். பத்து மணியளவில் தென்கிழக்கில் தென்சிலுவை படுத்த நிலையில் வெளிப்படும்.

மூன்றாம் யாமம்தான் இந்த அகலாங்கின் முழுப் பெருமை. இரண்டு மணிக்குச் சற்றுப் பின், தென்சிலுவை நேராக நிமிர்ந்து 21 பாகை உயரத்தில் நிற்கும். திரும்பி வடக்கே பார்த்தால் சப்தரிஷிகள் உயர்ந்திருப்பார்கள். ஐரோப்பியருக்குத் தென்சிலுவை இல்லை. தென் அவுஸ்திரேலியருக்குத் துருவ நட்சத்திரம் இல்லை. இங்கே நிற்பவர் கழுத்தைத் திருப்பினால் போதும். சிலுவையின் அருகே வானத்தில் ஓட்டை விழுந்ததுபோல ஒரு கரும்பரப்பு இருக்கும்: பின்னாலுள்ள விண்மீன்களை மறைக்கும் தூசுமேகம். மூன்று மணிக்கு அதற்கு மேலே ஒமேகா சென்டாரி, மங்கிய பஞ்சுத் திட்டாக. ஒரே திட்டாகத் தெரிந்தாலும் அது பல இலட்சம் விண்மீன்கள் திரண்ட கொத்து.

நான்காம் யாமத்தில் தென்கிழக்கே விருச்சிகம் முழுதாக எழுந்துவிடும். கேட்டை சிவந்திருக்கும், மூலம் வால்நுனியில். மூலத்தைத் தாண்டித் தனுசுப் பக்கம் பால்வெளி தடித்துப் பிரகாசிக்கும் இடமே நம் விண்மீன் மண்டலத்தின் மையத் திசை, சுமார் 26,000 ஒளியாண்டு தூரத்தில். தெற்கில் அப்போது உச்சத்தில் நிற்பது அல்பா சென்டாரி, 4.37 ஒளியாண்டு தொலைவில் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் குடும்பம். அண்டை வீட்டையும் மண்டலத்தின் நடு முற்றத்தையும் ஒரே பார்வையில் அடக்கிவிட்டு, கிழக்கில் நிலாக்கீற்று ஏறுவதோடு இரவு முடிகிறது.

கண்ணுக்கு அரை மணிநேரம்

இவை எதற்கும் தொலைநோக்கி வேண்டாம். வேண்டியது இருட்டுக்குப் பழகிய கண். வெளிச்சத்தில் 2 அல்லது 3 மில்லிமீற்றராக இருக்கும் கண்மணி இருட்டில் 7 மில்லிமீற்றர் வரை விரிகிறது. இது சில வினாடிகளில் நடந்துவிடும். பெரிய மாற்றம் விழித்திரையில் மெதுவாக நடக்கிறது. மங்கிய ஒளியை உணரும் கோல் கலங்களில் ரோடொப்சின் என்ற நிறமி இருக்கிறது. ஒளி பட்டால் அது சிதையும். இருட்டில் மீண்டும் சேரும். முழுதாகச் சேர 30 முதல் 40 நிமிடம் வேண்டும். அதற்கு வைட்டமின் ஏ தேவை; அது குறைந்தவர்களுக்கு மாலைக்கண் வருவது இதனால்தான். ஒருமுறை கைபேசித் திரையைப் பார்த்தால் சேர்த்ததெல்லாம் போய், கணக்கு மறுபடி தொடங்கும். ஆழ்ந்த சிவப்பு ஒளி கோல் கலங்களை அதிகம் தொந்தரவு செய்யாது. டோர்ச் முகப்பில் சிவப்புத் தாள் ஒட்டுவது அதற்காக.

பார்வையின் நடுப்புள்ளியில் கோல் கலங்களே இல்லை. ஆகவே மங்கிய பொருளை நேராக உற்றுப் பார்த்தால் அது மறைந்துவிடும். சற்றுத் தள்ளிப் பார்த்தால் தெரியும். மகெல்லன் முகிலை அப்படித்தான் கடைக்கண்ணால் பிடிக்க வேண்டும்.

கண் எவ்வளவு பழகினாலும் வானப் பின்னணியே வெளுத்திருந்தால் பயனில்லை. விளக்கிலிருந்து மேலே போகும் ஒளி காற்றின் மூலக்கூறுகளில் பட்டுச் சிதறித் திரும்பி வருகிறது. குறுகிய அலைநீளம் அதிகம் சிதறும்: 450 நனோமீற்றர் நீல ஒளி, 600 நனோமீற்றர் செம்மஞ்சள் ஒளியைவிட மூன்று மடங்குக்கு மேல் சிதறுகிறது. பகலில் வானம் நீலமாக இருப்பதும், வெள்ளை எல்இடி வீதி விளக்குகள் இரவை அதிகமாகக் கெடுப்பதும் ஒரே இயற்பியல். வெளிச்சமான நகரத்தின் வானம் இயற்கையான இருண்ட வானத்தைவிட நூறு மடங்கு ஒளிர முடியும். 2016இல் வெளியான உலக ஒளிமாசு வரைபடத்தின்படி மனிதரில் மூன்றிலொரு பங்கினருக்கு மேல் தாம் வாழும் இடத்திலிருந்து பால்வெளியைப் பார்க்க முடியாது. வெறுங்கண்ணால் எத்தனை விண்மீன் தெரிகிறது என்று உலகெங்கும் பொதுமக்கள் 2011 முதல் 2022 வரை பதிந்த அவதானிப்புகளைத் தொகுத்தபோது, வானம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 விழுக்காடு வெளுத்துவருவது தெரிந்தது. 250 விண்மீன் தெரியும் ஊரில் பிறந்த குழந்தை 18 வயதாகும்போது 100தான் பார்க்கும் என்பது அந்த ஆய்வின் கணக்கு.

ஹன்லேயும் பென்ச்சும் செய்தது

இருட்டைப் பாதுகாப்பதற்கென்று 1988இல் அமெரிக்காவில் ஓர் அமைப்பு தொடங்கியது. 2007இல் யூட்டா மாநிலத்தின் நாச்சுரல் பிரிட்ஜஸ் உலகின் முதல் இருள்வான் பூங்காவாக அதன் அங்கீகாரம் பெற்றது. இந்தியாவின் முதல் இருள்வான் பூங்கா என்ற இடத்தை 2024 ஜனவரியில் மகாராட்டிரத்தின் பென்ச் புலிகள் காப்பகம் அடைந்தது. அங்கே செய்த முக்கிய வேலை காட்டுக்குள் நடக்கவில்லை; காப்பகத்தை ஒட்டிய ஊர்களில் நூற்றுக்கு மேற்பட்ட தெரு விளக்குகளைக் கீழ்நோக்கி ஒளிவிடும் விளக்குகளாக மாற்றினார்கள்.

ஹன்லே வேறு வகை. 4,500 மீற்றர் உயரத்தில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் 2 மீற்றர் தொலைநோக்கி அங்கே 2000 முதல் இயங்குகிறது. சுற்றியுள்ள ஊர்களை உள்ளடக்கி 2022இல் இருள்வான் காப்பகம் அறிவிக்கப்பட்டது. ஊர் இளைஞர்களுக்குத் தொலைநோக்கி கொடுத்துப் பயிற்சி அளித்தார்கள். இன்று வருகிறவர்கள் அவர்கள் வீடுகளிலேயே தங்கி, தடித்த திரை போட்ட அறையில் உண்டு, முற்றத்தில் சனிக்கோளின் வளையம் பார்க்கிறார்கள். காசு ஊரில் தங்குவதால் விளக்கைத் தணித்து வைக்க ஊருக்கே ஆர்வம் வருகிறது. விளக்கைக் கட்டுப்படுத்த எழுதிய விதியை ஊரார் காப்பாற்றுவது இதனால்தான்.

மன்னாரில் இருட்டைப் பற்றிப் பேசுவது

இலங்கையின் வடக்கில் இதைப் பேசும்போது ஒன்றை மறக்கக் கூடாது. போர்க்காலத்தில் மன்னாரின் இருட்டு யாரும் விரும்பிப் பெற்றதில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் நின்றது. வீதி விளக்கு வந்ததை நிம்மதியாகக் கொண்டாடிய மக்களிடம் போய் இருட்டு நல்லது என்று உபதேசிப்பது அறிவீனம். அப்படிக் கேட்க வேண்டியதும் இல்லை. விளக்குக்கு மேலே மூடி, ஒளி தரையில் மட்டும் விழும் சாய்வு, 3,000 கெல்வினுக்கு மேற்படாத இளமஞ்சள் நிறம், ஆளில்லா நேரத்தில் தணியும் வசதி: இந்த நான்கும் இருந்தால் பாதை இப்போதைவிடத் தெளிவாகத் தெரியும், கண் கூசாது, மின்கட்டணமும் குறையும்.

இரவு வானத்தைப் பார்ப்பவர்கள் மனிதர் மட்டுமில்லை. கோயிலுக்கு அருகே வங்காலைப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மத்திய ஆசியாவைக் கடந்து வரும் வாத்துகளும் கரைப்பறவைகளும் வாடைக்காலத்தில் அங்கே இறங்குகின்றன. வலசைப் பறவைகளில் பல இரவில்தான் பறக்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீவன் எம்லன் 1970இல் வெளியிட்ட சோதனை ஒன்று இங்கே பொருந்தும். கோளரங்கக் கூரையின் கீழ் வளர்த்த ஒருவகைச் சிறுகுருவிக் குஞ்சுகளுக்கு, துருவ நட்சத்திரத்துக்குப் பதிலாகத் திருவாதிரையை அச்சாகக் கொண்டு சுழலும் பொய்வானத்தைக் காட்டினார். இலையுதிர் காலத்தில் தெற்கே போகத் துடித்த அந்தப் பறவைகள், திருவாதிரையை வடக்கு என்று கொண்டு அதற்கு எதிர்த்திசையில் தாவின. வானம் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறது என்பதைக் குஞ்சாக இருக்கும்போதே பார்த்துக் கற்கிறது பறவை. விண்மீன் தெரியாத வானத்தில் அந்தப் பாடத்துக்கு இடமில்லை.

திருக்கேதீஸ்வரத்தில் யாத்திரிகருக்கான மடங்கள் உண்டு. தலைமன்னார் ரயில் பாதையில் நிலையமும் உண்டு. தங்குமிடம் புதிதாகக் கட்டித்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. ஒரு மடத்தின் கொல்லைப்புற விளக்குகளுக்கு மூடி போட்டு, பாய் விரித்து, நுளம்புக்கு ஒரு வழி செய்துவிட்டால் ஹன்லேயில் கிடைக்காத தென்வானம் இங்கே கிடைக்கும். சிவராத்திரியன்று கூட்டத்தின் பாதுகாப்புக்கு வெளிச்சம் கட்டாயம். ஆனால் மூன்றாம் யாமத்தில் ஒரு மணிநேரம் மட்டும், பாலாவிக்கு அப்பால் ஒரு திடலில் விளக்கைத் தணித்து, தென்சிலுவையையும் சப்தரிஷியையும் சுட்டிக்காட்ட நாலு ஆசிரியர்களை நிறுத்தலாம்.

வானம் தானாகவும் மாறுகிறது. பூமியின் அச்சு பம்பரம்போல மெல்லத் தலையாட்டுவதால் தென்சிலுவை சுமார் 180 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் தாழ்ந்துவருகிறது. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் இத்தலத்தைப் பாடிய காலத்தில் அது இங்கே 28 பாகை உயரம் வரை ஏறியிருக்கும். இன்றைய துருவ நட்சத்திரம் அன்று துருவத்திலிருந்து பல பாகை விலகி இருந்தது. அந்த மாற்றத்தைத் தடுக்க எவராலும் ஆகாது. பதின்மூன்று நூற்றாண்டுகளில் அது எடுத்துக்கொண்டதும் ஏழு பாகைதான். நம் விளக்குகள் செய்யும் மாற்றம் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் வானத்தில் பாதிக்கு மேல் அழித்துவிடுகிறது. அதை நிறுத்த ஒரு பிரதேச சபைத் தீர்மானமும் கொஞ்சம் தகர மூடிகளும் போதும்.